ஆறு கையெழுத்துகள்

சிங்கப்பூரில் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க விரும்புகிறவர், அந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஆறு பேரிடமாவது கையெழுத்து வாங்கியாக வேண்டும். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், ஆதரிக்க நான்கு பேர். கட்சிக்காரர்கள் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடும் காகிதம் என்பதால் இதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகள் அரசாங்கப் பணியில் இருந்துவிட்டுத் தேர்தலுக்கு வருகிறவர் விஷயத்தில் இந்தக் காகிதத்துக்குத் தனி அர்த்தம் உண்டு. அதுவரை அவருடைய கையெழுத்துக்காகத்தான் மற்றவர்கள் காத்திருந்தார்கள். இப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் குடியிருக்கும் ஒரு டாக்சி ஓட்டுநரோ, ஓய்வுபெற்ற ஆசிரியையோ போடும் கையெழுத்து இல்லாமல் அவர் வேட்பாளராகவே ஆக முடியாது. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இந்தத் திருப்பத்தைப் பற்றித்தான். பொதுச் சேவையில் ஆயுளைச் செலவிட்டவர்கள் தேர்தலுக்கு வரட்டும். வரவேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் தோற்கவும் வாய்ப்புள்ள ஒரு போட்டியில், தங்கள் சொந்தப் பெயரில் நின்று, மக்களிடம் கேட்டு வர வேண்டும். எத்தனை ஆண்டு சேவையும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது.

உள்ளாட்சித் தேர்தலே இல்லாத ஊரில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரு காலத்தில் இருந்தது. சிங்கப்பூர் நகர அந்தஸ்து பெற்றது 1951இல். 1957 டிசம்பர் 21 அன்று நகரசபையின் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்தது. மக்கள் செயல் கட்சி 13 இடங்களைப் பிடித்து ஆகப் பெரிய கட்சியானது. ஓங் எங் குவான் மேயரானார். 1959இல் தன்னாட்சி வந்ததும் நகரசபையின் வேலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தண்ணீர், மின்சாரம், எரிவாயு எல்லாம் 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குப் போயின. அதன் பிறகு உள்ளூர் நிர்வாகத்துக்கென்று தனி வாக்குச்சீட்டு நம் கைக்கு வரவே இல்லை. 1988இல் நகர மன்றச் சட்டம் வந்தபோதும், அந்த மன்றங்களை நடத்தும் பொறுப்பு நாடாளுமன்ற உறுப்பினர்களிடம்தான் கொடுக்கப்பட்டது. எனவே இங்கே ஒரே வாக்கில் இரண்டு வேலைக்கு ஆள் எடுக்கிறோம்: நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றவும், நம் புளோக்கின் மின்தூக்கியை ஓட வைக்கவும். சமூக மேம்பாட்டு மன்றங்களுக்கு ஐந்து மேயர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நியமிக்கப்படுகிறவர்கள். 2025 தேர்தலில் ஈஸ்ட் கோஸ்ட்டில் வென்ற தினேஷ் வாசு தாஸ், கொவிட் காலத்தில் சுகாதார அமைச்சில் நெருக்கடிகால நடவடிக்கைகளைக் கவனித்தவர். பிறகு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். தென்கிழக்கு வட்டாரத்தின் மேயராக அவரை அமர்த்தியது அரசாங்கம். ஆனால் அந்த நாற்காலிக்கு வரும் வழி ஈஸ்ட் கோஸ்ட் வாக்காளர்கள் கொடுத்த 58.76 விழுக்காட்டின் வழியாகத்தான் போனது.

நகர மன்ற வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு குடும்பம் ஆறு மாதமாகச் சேவை, பராமரிப்புக் கட்டணம் கட்டவில்லை. அதிகாரிக்கு இது ஒரு நிலுவைத் தொகை. விதிப்படி நினைவூட்டல் போகும், அபராதம் ஏறும், பிறகு வழக்கறிஞர் கடிதம் போகும். நிலுவை கூடினால், ஆண்டுதோறும் வெளிவரும் நகர மன்ற மதிப்பீட்டு அறிக்கையில் அந்த மன்றத்தின் நிறமே மாறலாம். ஆனால் வாரம் ஒருநாள் இரவில் நடக்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு அதே குடும்பத்தின் தாய் வந்து எதிரே உட்காரும்போது நிலுவைக்கு ஒரு முகம் வந்துவிடுகிறது. கணவருக்கு டயாலிசிஸ், மகன் தேசிய சேவையில், வீட்டில் ஒரே சம்பளம் என்று கதை வருகிறது. அபராதத்தைத் தள்ளுபடி செய்தால், ஒழுங்காகக் கட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன பதில்? தவணை கொடுத்தால் எத்தனை மாதம்? இந்த முடிவை எடுக்கிறவர், அதே தாயிடமும் அதே பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஐந்து ஆண்டுக்குள் மறுபடி வாக்கு கேட்கப் போகிறவராக இருப்பது மிக முக்கியம். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இரவில் எம்.பி. கையெழுத்திடும் கடிதங்களில் பெரும்பாலானவை வீவகவுக்கோ, மத்திய சேம நிதிக் கழகத்துக்கோ, குடிநுழைவு ஆணையத்துக்கோ போகும் முறையீடுகள். முன்னாள் நிரந்தரச் செயலாளர் ஒருவர் எம்.பி. ஆனால், தாம் ஆட்டிவைத்த அலுவலகத்துக்கே விண்ணப்பம் எழுதும் இடத்துக்கு வருகிறார். அந்தக் கடிதம் ஓர் இளநிலை அதிகாரியின் மேசையில் போய் உட்காரும். அவர் மறுக்கலாம்; பல நேரம் மறுக்கவும் செய்வார். மேசையின் மறுபக்கம் எப்படி இருக்கும் என்பதை நிர்வாகிக்குக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்வதற்கு ஆகப் பெரிய சான்று ஹாவ் யூன் சோங். 1960இல் வீவக பிறந்தபோது அதன் முதல் தலைமை நிர்வாகி அவர். துறைமுகத்தை நிர்வகித்தார், அரசாங்கச் சேவையின் தலைவரானார், விமான நிலையத்தைப் பாய லேபாரிலேயே விரிவாக்காமல் சாங்கிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வாதாடி வென்றவர்களில் முதன்மையானவர். இன்று நாம் பெருமையாகக் காட்டும் பல காரியங்களில் அவருடைய உழைப்பு இருக்கிறது. 1979இல் அரசுப் பணியை விட்டு, பொத்தோங் பாசிர் இடைத்தேர்தல் மூலம் நாடாளுமன்றம் வந்தார். தற்காப்பு அமைச்சரானார், பிறகு சுகாதார அமைச்சர். 1984இல் முதியோர் பிரச்சினைகளை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கி அறிக்கை கொடுத்தார். மத்திய சேம நிதியை எடுக்கும் வயதை 55இலிருந்து 60ஆக உயர்த்த வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கணக்கு பிழையில்லாத கணக்கு. மக்கள் நீண்ட நாள் வாழத் தொடங்கிவிட்டார்கள், பிள்ளைகள் குறைகிறார்கள், 55இல் கைக்கு வரும் பணம் 75 வரை தாங்காது. ஆனால் நாடே கொதித்தது. 55 வயதில் தருகிறோம் என்று சொல்லிச் சம்பளத்தில் பிடித்த பணம் அது. மகளின் கல்யாணம், ஊரில் ஒரு வீடு, வாங்கிய கடன் என்று அந்தப் பணத்தை நம்பி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு திட்டம் இருந்தது. அரசாங்கம் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. அதே டிசம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் ஆளும் கட்சியின் வாக்கு 77.7 விழுக்காட்டிலிருந்து 64.8 ஆகச் சரிந்தது. அந்தச் சரிவுக்குப் பட்டதாரித் தாய்மார் திட்டம் போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சேம நிதிக் கோபம் அதில் பெரும் பங்கு வகித்ததை யாரும் மறுக்கவில்லை.

இங்கே ஒரு கூர்மையான வாசகர் என்னை மடக்கலாம்: அவர் அப்போது தேர்தலில் வென்ற எம்.பி.தானே, அப்படியிருக்க வாக்கு அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தது? நியாயமான கேள்வி. பதிலும் அதே தொகுதியில்தான் இருக்கிறது. 1980 பொதுத் தேர்தலில் ஆளும் கட்சி எல்லா இடங்களையும் அள்ளியது. அந்த அலையிலும் பொத்தோங் பாசிரில் சியாம் சீ தோங் என்ற வழக்கறிஞர் ஹாவை எதிர்த்து நின்று ஏறத்தாழ 41 விழுக்காடு வாங்கினார். கட்சியின் தேசிய சராசரியைவிட ஹாவுக்கு விழுந்த வாக்கு வெகுவாகக் குறைவு. பத்தில் நான்கு பேர் ஏதோ சொல்ல வந்தார்கள். வெற்றி வெற்றிதான் என்று அந்த எண்ணைக் கோப்பில் வைத்து மூடிவிட்டதுதான் தவறு. 1984இல் ஹாவ் அரசியலிலிருந்து விலகினார். அதே தொகுதியில் சியாம் 60 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி ஜெயித்தார். அந்தப் பிரசாரத்தின்போது, ஆளும் கட்சி வேட்பாளர் மா பௌ டானின் சாதாரண நிலைத் தேர்வு மதிப்பெண்களையும் சியாமின் மதிப்பெண்களையும் பிரதமர் லீ குவான் இயூ ஒப்பிட்டுப் பேசினார். மதிப்பெண் பட்டியலில் மா முன்னால் இருந்தார்; வாக்குப் பெட்டியில் சியாம். லிட்டில் இந்தியா எம்ஆர்டியிலிருந்து வடகிழக்குப் பாதையில் மூன்றாவது நிலையம்தான் பொத்தோங் பாசிர். 1976இலும் 1979இலும் 1980இலும் மூன்று தேர்தல்களில் தோற்றுத் தோற்று வந்த ஒரு மனிதரை அந்த வட்டாரம் பிறகு 27 ஆண்டுகள், 2011 வரை, தன் எம்.பி.யாக வைத்துக்கொண்டது. மறுபடி மறுபடி வந்து கேட்டவரை மக்கள் மறக்கவில்லை.

ஹாவின் பரிந்துரைக்குப் பின்னாளில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1987இல் குறைந்தபட்சத் தொகைத் திட்டம் வந்தது. 1993இல் ஓய்வு வயது சட்டப்படி 60 ஆனது. அவர் கவலைப்பட்ட விஷயங்கள் ஒவ்வொன்றாக, வேறு வடிவத்தில், விளக்கத்தோடும் பேச்சுவார்த்தையோடும் நடைமுறைக்கு வந்தன. இன்றும் 55 வயதில் சேமிப்பின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள முடிகிறது. ஆக அவருடைய அறிவில் குறையில்லை. அந்த அறிவை யாரிடம் கொண்டுபோய், எப்படிக் கேட்டு, எதை விட்டுக்கொடுத்து நிறைவேற்றுவது என்பதுதான் விடுபட்டிருந்தது.

அதிபர் தேர்தல் இதே பாடத்தை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அரசியலமைப்பே நிரந்தரச் செயலாளர், தலைமைக் கணக்காளர் போன்ற பதவிகளில் மூன்று ஆண்டுகள் இருந்தவர்களுக்கு அந்தப் போட்டியின் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 1993இல் நடந்த முதல் அதிபர் தேர்தலில் முன்னாள் துணைப் பிரதமர் ஓங் டெங் சியோங்கை எதிர்த்து நின்றவர் சுவா கிம் இயோ, முன்னாள் தலைமைக் கணக்காளர். போட்டி என்று ஒன்று இருக்க வேண்டும் என்று பிறர் கேட்டுக்கொண்டதால் நின்றவர். பிரசாரம் என்று பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஆனாலும் 41.3 விழுக்காடு வாக்கு விழுந்தது. அத்தனையும் அவர்மீது கொண்ட நம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். ஆளும் கட்சிக்கு ஒரு சேதி அனுப்ப நினைத்தவர்கள் அதில் நிறையப் பேர். ஆனால் அமைதியாக உழைத்த ஓர் அதிகாரியின் பெயருக்கு இந்த ஊரில் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்பதும் அதில் தெரிந்தது. முப்பது ஆண்டு கழித்து, 2023இல், இங் கோக் சோங் நின்றார். நிதி அமைச்சு, நாணய வாரியம், ஜிஐசி என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நாட்டின் பணத்தைக் காத்தவர்; எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை என்பதையே தம் தகுதியாக முன்வைத்தார். கிடைத்தது 15.7 விழுக்காடு. தர்மன் சண்முகரத்னத்துக்கு 70.4. தர்மனும் அரசு அதிகாரியாகத் தொடங்கியவர்தான். நாணய வாரியத்தை நிர்வகித்தவர். இருவருக்கும் இடையில் நிற்பது 2001. அந்த ஆண்டு பணியை விட்டு ஜூரோங்கில் நின்றவர், அதன் பின் நான்கு பொதுத் தேர்தல்களில் அதே மக்கள் முன்னால் போய் நின்றார். ஆளும் கட்சியின் மூத்த அமைச்சர் என்ற பலம் அவருக்கு உண்டு, உண்மைதான். ஆனால் அந்தப் பலத்தோடு நின்ற வேறு யாருக்கும் போட்டியுள்ள அதிபர் தேர்தலில் இவ்வளவு வாக்கு விழவில்லை. சொந்தத் தொகுதியில் வருஷக்கணக்காக மக்களைச் சந்தித்த பழக்கம் நாடு முழுக்கத் தெரிந்திருந்தது.

தமிழர்களுக்கு நெருக்கமான இன்னொரு பெயரும் நினைவுக்கு வருகிறது. இந்தியத் தேர்தல் ஆணையர்களிலேயே ஆகப் புகழ்பெற்றவர் டி.என். சேஷன். 1990 முதல் 1996 வரை அவர் விதிகளை அமல்படுத்திய விதத்தில் கட்சிகள் நடுங்கின. அப்பேர்ப்பட்டவர் 1997 குடியரசுத் தலைவர் தேர்தலில் கே.ஆர். நாராயணனிடம் தோற்றார், 1999இல் காந்திநகரில் அத்வானியிடம் தோற்றார். தேர்தலைத் துப்புரவாக நடத்தத் தெரிவது வேறு, அதில் ஒரு வேட்பாளராக நின்று மனிதர்களைச் சேர்ப்பது வேறு. மாறாக, 2019இல் ஐஏஎஸ் பணியை விட்ட சசிகாந்த் செந்தில், இடையில் ஆண்டுக்கணக்கில் கட்சி வேலை பார்த்துவிட்டு, 2024இல் திருவள்ளூரில் நின்று பெரும் வித்தியாசத்தில் வென்றார்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, எஸ்.ஆர். நாதன். வாக்குப்பெட்டியே காணாமல் ஒருவர் மக்கள் மனத்தில் இடம்பிடிக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி என்பார்கள். 1955இல் மருத்துவ சமூகப் பணியாளராகத் தொடங்கினார். பிறகு மாலுமிகள் நல அதிகாரி. தொழிலாளர் ஆய்வுப் பிரிவு. வெளியுறவு, தற்காப்பு அமைச்சுகள். 1974இல் லாஜு படகைக் கடத்தியவர்கள் பணயக்கைதிகளை விடுவிப்பதற்கு உத்தரவாதமாக, அவர்களோடு விமானத்தில் குவைத்துக்குப் போன அதிகாரிகள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவராகவும் இருந்தவர். 1999இலும் 2005இலும் போட்டியின்றி அதிபரானார். 2016இல் அவர் மறைந்தபோது வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தியவர்கள் உண்மையான பாசத்தோடு நின்றார்கள். இதையெல்லாம் நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: போட்டி இருந்திருந்தால் அவருக்குக் குறைவொன்றும் வந்திருக்காது. இரண்டு முறையும் வேறு யாருக்கும் தகுதிச் சான்றிதழ் கிடைக்காததால், பன்னிரண்டு ஆண்டுகள் அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரா இல்லையா என்ற முணுமுணுப்பு அவரைத் தொடர்ந்தது. அவருக்குத் தகாத முணுமுணுப்பு அது. ஒரு வாக்குப்பதிவு நடந்திருந்தால் ஒரே நாளில் அது அடங்கியிருக்கும். ஜே.ஒய். பிள்ளையைப் போலத் தேர்தல் பக்கமே போகாமல் சிங்கப்பூர் ஏர்லைன்சைக் கட்டியெழுப்பி, 2017இல் சில நாட்கள் தற்காலிக அதிபராகவும் இருந்தவர்கள் உண்டு. அந்த வழியும் மதிப்புக்குரியதே. ஆனால் அரசியல் பதவிக்கு வருகிறேன் என்று தீர்மானித்துவிட்டால், அதற்குரிய வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

இரண்டாவது மறுப்பு நம் சமூகத்துக்குள்ளேயே பலமாகக் கேட்பது. பலர் ஓர் அணியாக நிற்கும் குழுத்தொகுதி இல்லாவிட்டால் இந்தியர்கள் நாடாளுமன்றம் போவது கடினம். தனித்தொகுதியில் தனியாக நில் என்று சொன்னால் சிறுபான்மை அதிகாரிதான் முதலில் அடிபடுவார் என்கிறார்கள். இந்த அச்சத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். 1988இல் குழுத்தொகுதி முறை வந்ததற்குச் சிறுபான்மை இடங்களை உறுதிசெய்வதே காரணமாகச் சொல்லப்பட்டது, அந்த உறுதி தேவையும்கூட. ஆனால் சான்றுகள் அச்சத்தைவிடத் தைரியமாக இருக்கின்றன. அரசாங்கச் சட்டச் சேவையில் மாவட்ட நீதிபதியாகவும் உச்ச நீதிமன்றப் பதிவாளராகவும் இருந்துவிட்டு வெளியேறிய ஜே.பி. ஜெயரத்னம், 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் 51.9 விழுக்காடு வாங்கினார். அதுவும் எதிர்க்கட்சி வேட்பாளராக, குழுத்தொகுதி என்ற பேச்சே பிறக்காத காலத்தில். 2016 புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தலில் முரளி பிள்ளை தனித்தொகுதியில் 61.2 விழுக்காட்டோடு வென்றார். தர்மனின் 70 விழுக்காடு நாடே ஒரு தொகுதியாக வாக்களித்தபோது கிடைத்தது. குழுத்தொகுதியின் பாதுகாப்பு சிறுபான்மையினருக்கு இருக்கட்டும். அந்தப் பாதுகாப்பின் நிழலில் இனப் பிரதிநிதித்துவத்தோடு தொடர்பே இல்லாத உயர் அதிகாரிகள் அமைச்சர் பின்னால் நின்று உள்ளே வருவதுதான் என் குறை. 2025இல் மரின் பரேட் - பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் யாரும் எதிர்த்து நிற்கவில்லை. அண்மைக்காலம் வரை ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்த கோ பெய் மிங் உட்பட ஐந்து பேரும் ஒரு வாக்குகூட விழாமல் எம்.பி.க்கள் ஆனார்கள். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களுக்கு அன்று வேலை இல்லை. இதில் அந்த ஐவரின் தவறு எதுவும் இல்லை. எதிர்க்கட்சிகள் எடுத்த முடிவு அது. ஆனாலும் இழப்பு இழப்புதான், வாக்காளருக்கும் சரி, சோதிக்கப்படாமலேயே உள்ளே போன புதியவருக்கும் சரி. அதே தேர்தலில் தெம்பனிஸில் நின்ற முன்னாள் ராணுவத் தளபதி டேவிட் நியோவுக்கு நிலைமை வேறு. அவருடைய அணி 52 விழுக்காட்டில்தான் கரையேறியது. பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் வேண்டாம் என்று சொன்ன ஊரில் வேலை செய்யும்போது ஒரு மனிதர் கூர்ந்து கேட்கப் பழகுவார். அந்த வகையில் நியோவே பாக்கியசாலி என்பேன்.

மூன்றாவது மறுப்புதான் எனக்கு ஆகக் கடினமானது, அதில் பாதியை நான் ஏற்கிறேன். அதிகாரிகள் அரசியலுக்கு வருவதே தப்பு, அரசாங்கச் சேவையின் நடுநிலை கெட்டுவிடும் என்பது அந்த வாதம். வருவது தப்பென்று நான் நினைக்கவில்லை. கோ கெங் சுவீ அரசு அதிகாரியாக இருந்துவிட்டுத்தான் 1959இல் கிரேத்தா ஆயரில் நின்றார். அந்தத் தலைமுறை இல்லாவிட்டால் இந்த நாடே வேறு மாதிரி இருந்திருக்கும். ஹான் சுய் சென் 1970 இடைத்தேர்தலில் போட்டியின்றி வந்தும் சிறந்த நிதியமைச்சரானார். கவலைப்பட வேண்டியது இடைவெளியைப் பற்றி. நியோ ராணுவத் தளபதி பொறுப்பை ஒப்படைத்தது 2025 மார்ச் மாதம். வாக்குப்பதிவு மே 3. இரண்டு மாதம்கூட இல்லை. ஒரு தளபதியோ நிரந்தரச் செயலாளரோ ஓர் அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும் நாளிலேயே அவருடைய கட்சியில் தமக்கு ஓர் இடம் பேசப்படுகிறது என்று இருந்தால், அந்த ஆலோசனையின் நேர்மையைக் கீழே இருக்கும் அதிகாரிகள் எப்படி நம்புவார்கள்? அதிகாரி நேர்மையானவராகவே இருக்கலாம். சந்தேகத்துக்கு இடம் கொடுப்பதே கெடுதல்தான். பணியை விட்டதற்கும் வேட்புமனுவுக்கும் இடையில் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்று உயர் பதவிகளுக்கு மட்டுமாவது விதி வந்தால் நல்லது. ஓராண்டு சம்பளம் இல்லாமல் யார் வருவார் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், அந்த ஓராண்டுதான் உண்மையான பயிற்சிக் காலம். புளோக் புளோக்காக நடந்து, வாரா வாரம் மக்கள் சந்திப்பில் மற்றவருக்காகக் கடிதம் எழுதிக்கொடுத்து, காப்பிக்கடையில் எதிர்க்கேள்விகளை வாங்கிக்கொண்டு வரட்டும். வர விருப்பமில்லாதவர் அதற்குள் தெரிந்துகொள்வார், நாமும் தெரிந்துகொள்வோம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அதிகாரி தேர்தலில் தொலைத்துவிடக் கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். லிட்டில் இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பஃப்ளோ ரோட்டிலும் ரோவல் ரோட்டிலும் வீவக வீடுகளில் இருப்பவர்கள் வாக்காளர்கள். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டை நிறைத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, தேக்காவில் காய்கறி வாங்கி, புல்வெளியில் உட்கார்ந்து நண்பர்களைப் பார்க்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வாக்காளர்கள் அல்லர். 2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பிறகு விசாரணைக் குழு அமைந்தது. 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, இரவு 10.30 மணிக்கு மேல் பொது இடத்தில் குடிப்பதற்குத் தடை வந்தது. லிட்டில் இந்தியாவுக்குக் கூடுதல் கட்டுப்பாடு. கீழ்த்தளத்தில் நடக்கவே முடியவில்லை என்று குடியிருப்பாளர் சொல்லும் புகார் நியாயமானது, அவருக்கு வாக்கும் இருக்கிறது. நிழலில் உட்கார இடம் தேடும் தொழிலாளியின் தேவையும் நியாயமானது, அவருக்கு வாக்கு இல்லை. வாக்கு மட்டுமே அளவுகோல் என்றால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கேதான் பொதுச் சேவையில் ஊறியவரின் பழக்கம் உதவ வேண்டும். எதிரே நிற்பவர் யார் என்று பார்க்காமல் விதியை எல்லோருக்கும் ஒன்றாகப் பிடிப்பது, பேசத் தெரியாதவரின் கோப்பையும் அதே வரிசையில் நகர்த்துவது ஆகியவை நல்ல அதிகாரியின் குணங்கள். இளம் நாதன் மாலுமிகள் நல அதிகாரியாக இருந்தபோது அவர் பார்த்துக்கொண்ட மாலுமிகளில் எத்தனையோ பேர் இந்தத் துறைமுகத்தைக் கடந்து போகிறவர்கள். அவர்களால் யாருக்கும் ஒரு வாக்கும் கிடைத்திருக்காது. அந்தப் பழக்கத்தோடு ஓர் அதிகாரி வந்து, அதற்கு மேல் வாக்காளரிடம் பதில் சொல்லும் கடமையையும் ஏற்றுக்கொண்டால், லிட்டில் இந்தியா போன்ற இடத்துக்கு அவரைப்போல் பொருத்தமான பிரதிநிதி கிடைப்பது அரிது. அதனால்தான் அவர்கள் வர வேண்டும் என்கிறேன். குறுக்கு வழியில் வந்தால் இந்த இரண்டில் ஒன்று குறைந்துவிடும் என்பதுதான் என் கவலை.

பணி ஓய்வை நெருங்கும் அதிகாரிகள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, வருவதென்றால் முன்னதாகவே வாருங்கள், முடிந்தால் தனித்தொகுதி கேளுங்கள். முன்பு என்ன பதவியில் இருந்தீர்கள் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, இங்கே என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை விரிவாகச் சொல்லுங்கள். வாக்காளர்களான நமக்கும் வேலை இருக்கிறது. பெரிய பதவியில் இருந்தவர் கதவைத் தட்டினால் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். கட்டண நிலுவையில் இருக்கும் குடும்பத்தை என்ன செய்வீர்கள், மின்தூக்கி மாற்றும் செலவுக்கு நிதி எங்கிருந்து வரும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி உங்கள் நிலை என்ன என்று கேளுங்கள். நகர மன்றங்களின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கறிக்கைகள் ஆண்டுதோறும் வெளியாகின்றன, இணையத்திலேயே கிடைக்கும். உங்கள் மன்றத்தினுடையதை ஒருமுறை படித்துவிட்டுக் கேளுங்கள்.